பத்து லட்சத்துக்கு இரண்டு பழைய செடான்கள்

சென்னையில் பத்து லட்ச ரூபாயோடு பழைய கார் தேடுகிறவருக்கு இன்று இரண்டு வண்டிகள் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கும். ஒன்று, 2020-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டி. மற்றொன்று, 2013 வாக்கில் பதிவான பிஎம்டபிள்யூ 320டி. சிட்டியின் ஷோரூம் விலை அன்று பதினோரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கியது. 320டி தன் காலத்தில் முப்பது லட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் விற்ற வண்டி. அருகருகே நிறுத்தி அளந்தால் நீளத்தில் 75 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஏழு வயது கூடினால் என்ன, பிஎம்டபிள்யூ பிஎம்டபிள்யூதானே என்று மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. அந்த ஆசையைப் பழிக்க எனக்கு மனமில்லை. சீட்டுப் பணம், நகைக்கடன், பி.எஃப். முன்பணம் எல்லாம் சேர்த்து வண்டி வாங்கும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். நல்ல வண்டியில் ஏறி உட்கார அவர்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பது கையெழுத்துப் போடுமுன் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான்: பழைய சொகுசுக் காரின் விலை சந்தையில் இறங்கிவிடுகிறது, அதைப் பராமரிக்கும் செலவோ அது பிறந்தபோது இருந்த விலையையே இன்றும் அளவாக வைத்துக்கொண்டிருக்கிறது. இனி வரப்போகும் பழுதுச் செலவைச் சந்தை முன்கூட்டியே கழித்துக்கொண்டதால்தான் முப்பது லட்சம் பத்து லட்சமாகச் சுருங்கியது. அந்த இருபது லட்சத்தை நமக்கு யாரும் தள்ளுபடியாகத் தரவில்லை.

விலை ஏன் இப்படி விழுகிறது

இந்தியாவில் ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கு மேல் புதிய கார்கள் விற்கின்றன. அவற்றில் சொகுசுக் கார்கள் ஐம்பதாயிரம் அளவுதான். நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும். அவற்றை வாங்குகிறவர்களில் தொழில் நடத்துவோர் பலர். நிறுவனத்தின் பெயரில் வாங்கி, வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் காட்டுவார்கள். வாரண்டி முடிகிற வரை ஓட்டிவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விடுவார்கள். வாரண்டி முடிகிற அந்த நாள் முக்கியமானது. பழுதுச் செலவு கம்பெனியின் தலையிலிருந்து இறங்கி உரிமையாளரின் தலையில் ஏறும் நாள் அது. முதல் உரிமையாளர் பெரும்பாலும் அந்த நாளுக்கு முன்பே வண்டியைக் கைமாற்றிவிடுகிறார்.

பழைய கார்ச் சந்தையைப் பொருளியலின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் அகெர்லாஃப். 1970-இல் ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ இதழில் வந்த அவருடைய கட்டுரையை அதற்கு முன் மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு அவர் பெற்ற நோபல் பரிசுக்கு அந்தக் கட்டுரையே அடிப்படை. அவர் சொன்ன கருத்து எளிது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் சராசரி வண்டிக்கு உரிய விலையைத்தான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, விற்காமல் வைத்துக்கொள்வார். சந்தையில் குறைபட்ட வண்டிகளின் பங்கு கூடும். அதை உணர்ந்த வாங்குபவர் விலையை மேலும் குறைப்பார். மிச்சமிருப்பவற்றில் நல்லதும் அப்போது ஒதுங்கிக்கொள்ளும்.

அகெர்லாஃப் 1967-68-இல் டெல்லியில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஓராண்டு இருந்தவர். அவருடைய கட்டுரையில் நம் ஊர் வட்டிக்காரரும் வருகிறார். கடன் கேட்பவரின் குணத்தையும் நிலபுலனையும் நேரில் அறிந்தவர் என்பதால் வெளியாள் துணியாத கடனை அவரால் கொடுக்க முடிகிறது. இந்த இடம்தான் நம் ஒப்பீட்டுக்குச் சாவி. சிட்டியையோ டிசையரையோ எட்டியோஸையோ பொறுத்தவரை, அந்த வட்டிக்காரரைப் போல விவரம் அறிந்த ஆள் தெருவுக்குத் தெரு இருக்கிறார். நம் மெக்கானிக்தான் அவர். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, பானெட்டைத் திறந்து, ஆயில் மூடியைக் கழற்றி அடியில் பார்த்து, “வண்டி ஓகே, லோயர் ஆர்ம் புஷ் மட்டும் மாத்தணும்” என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலிருந்த அறிவு இடைவெளி பெருமளவு அடைந்துபோகிறது.

320டிக்கு அப்படிச் சொல்லக்கூடியவர்கள் ஒரு நகரத்துக்கே சிலர்தான். பிஎம்டபிள்யூவின் சொந்த ஸ்கேனர் மென்பொருளை வைத்து ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியாகத் திறந்து படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சென்னை, கோவையில் அப்படிப்பட்ட தனி ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. தஞ்சாவூரிலோ தருமபுரியிலோ இருக்கிறவர் வண்டியைக் காட்டப் பயணம் போக வேண்டும். அகெர்லாஃப் விவரித்த சரிவு பழைய சந்தை எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் சொகுசு செடான்களிடம் அது மிகக் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் விவரம் அறிந்தவர்களின் பஞ்சம்தான். நன்றாகப் பராமரித்த 320டி பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதே இல்லை. அதைச் சர்வீஸ் செய்யும் ஒர்க்‌ஷாப் வழியாகவே அடுத்த கைக்குப் போய்விடுகிறது.

என்ஜினுக்குப் பின்னால் ஒரு செயின்

பராமரிப்புச் செலவு அதிகம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. எங்கே, எப்படி அதிகம் என்று ஒரு பாகத்தை எடுத்துப் பார்க்கலாம்.

320டியில் 2007 முதல் சில ஆண்டுகள் வந்த 1,995 சிசி டீசல் என்ஜினுக்கு என்47 என்று பெயர். எந்த என்ஜினிலும் கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்க ஒரு செயினோ பெல்ட்டோ வேண்டும். பெரும்பாலான கார்களில் அது என்ஜினின் முன்பக்கம், கை எட்டும் இடத்தில் இருக்கும். என்47-இல் அதைப் பின்பக்கம், கியர்பாக்ஸ் வந்து பொருந்தும் இடத்தில் வைத்தார்கள். இந்தச் செயினையும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகளையும் பற்றிய புகார் உலகெங்கும் எழுந்தது. 2007-க்கும் 2011-க்கும் இடையில் செய்யப்பட்டவற்றில்தான் அது அதிகம். 2013 வண்டியில் அபாயம் குறைவு. ஆனால் அமைப்பு அதே அமைப்புதான். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கத்திலிருந்து சரசரவென்று உலோகம் உரசும் ஓசை வந்தால், செயின் தளர்ந்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும். செயினின் விலை பெரிதல்ல. அதை அடைய கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பல ஒர்க்‌ஷாப்புகளில் என்ஜினையே வெளியே எடுக்கிறார்கள். கூலிதான் ஆளை விழுங்குகிறது. கவனிக்காமல் விட்டுச் செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போகும். பத்து லட்சத்துக்கு வாங்கிய வண்டியில் அந்தச் செலவு வந்தால் செய்வதா விடுவதா என்று யோசிக்கும் நிலை வந்துவிடும்.

கியர்பாக்ஸையும் பார்ப்போம். இந்த வண்டியில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேக ஆட்டோமேட்டிக்; உலகில் தயாரான மிக நல்ல கியர்பாக்ஸ்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதன் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்று கார் கம்பெனிகள் சொல்லி வந்தன. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்ற கேள்விதான் இங்கே. முதல் உரிமையாளருக்கு மாற்ற வேண்டிய நேரமே வந்திருக்காது. இரண்டாமவர், மூன்றாமவர் கைக்கு வரும்போது ஆயில் கறுத்து, கியர் மாறும்போது லேசாக உதறத் தொடங்கியிருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் அந்த ஆயில் மாற்றிய பதிவு இருக்கிறதா என்பது, ஓட்டம் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிடப் பெரிய கேள்வி.

மெர்சிடிஸ் இ கிளாஸ், எஸ் கிளாஸ் பக்கம் போனால் ஏர் சஸ்பென்ஷன் பொருத்திய வண்டிகள் உண்டு. இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் உறை வண்டியைத் தாங்குகிறது. வெயிலிலும் தூசியிலும் பத்தாண்டு கிடந்த ரப்பர் மடிப்புகளில் நுண்ணிய வெடிப்பு விழும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து நிற்கும். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் காற்றை நிரப்பி எழுப்பிவிடும் என்பதால் உரிமையாளர் கவலைப்படுவதில்லை. ஆனால் கசியும் உறைக்கு ஓயாமல் காற்று அடித்து அடித்துக் கம்ப்ரஸரும் சில மாதங்களில் எரிந்துபோகும். ஒரு ரப்பர் உறையில் முடிந்திருக்க வேண்டிய செலவு இரண்டாகிறது. சிட்டியில் இதற்கு ஈடான வேலை ஷாக் அப்சார்பர் மாற்றுவது. எந்த ஊரிலும் அரைநாளில் முடியும்.

செலவு இப்படி வளர்வதற்கு வேராக இருப்பது எண்ணிக்கை. சிட்டி இந்தியாவுக்கு 1998-இல் வந்தது. தலைமுறை தலைமுறையாக லட்சக்கணக்கில் ஓடுகிறது. டிசையரின் 1.3 லிட்டர் டீசல் என்ஜினோ ஃபியட்டில் பிறந்து மாருதி, டாடா என்று பல பெயரில் ஓடியது. மாருதி 2020 ஏப்ரலில் டீசலை நிறுத்தியும் அதன் உதிரி இன்னும் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு பாகத்துக்கு ஒரிஜினல், அதைச் செய்துகொடுக்கும் கம்பெனியின் சொந்த பிராண்டு, மலிவான மாற்று என்று மூன்று விலை சொல்வார்கள். பிஎம்டபிள்யூவுக்குப் பல பாகங்களில் அந்தத் தேர்வு இல்லை. உள்ளூரில் செய்தால் மலிவாகும் என்பதும் பாதி உண்மைதான். 320டி ஜெர்மனியிலிருந்து முழுதாக வந்த வண்டியல்ல. செங்கல்பட்டுக்கு அருகில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இல் திறந்த ஆலையில் பூட்டப்பட்டது. அதே ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகரில் ஃபோர்டின் ஃபியஸ்டா உருவானது. இரண்டும் ஒரே மண்ணில் பூட்டப்பட்டாலும் ஆண்டுக்குச் சில ஆயிரம் வண்டிக்குத் தேவைப்படும் ஹெட்லைட்டும் லட்சம் வண்டிக்குத் தேவைப்படும் ஹெட்லைட்டும் ஒரே விலைக்கு வரா. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிகளின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது இரு தரப்புக்கும் நல்லதே. ஆனால் இடைவெளி மாறவில்லை.

எல்லோரும் முதலில் கேட்கும் மைலேஜில்தான் இந்த இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. நகரத்தில் இரண்டும் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரைச் சுற்றியே தரும். டீசல் சென்னையில் லிட்டருக்கு எட்டு ரூபாய் அளவில் குறைவு என்பதால் 320டி சற்று முன்னால்கூட நிற்கலாம். டயரில் கணக்கு புரளும். 320டிக்கு வரும் ரன்-ஃப்ளாட் டயர், காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடும்படி பக்கச்சுவர் கனமாகச் செய்தது. சிட்டி டயரின் விலையைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது, நம் சாலைப் பள்ளங்களின் அடி நேராக ரிம்மிலும் முதுகிலும் இறங்கும்.

விபத்துக்குப் பிறகு

இன்சூரன்ஸில் பலரும் பிரீமியத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். அங்கே வித்தியாசம் இருக்கிறது. 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் 1,500 சிசிக்குள் அடங்கும் சிட்டிக்கு 3,416 ரூபாய், அதைத் தாண்டும் 320டிக்கு 7,897 ரூபாய். இது தாங்கக்கூடியதே. தாங்க முடியாதது க்ளெய்ம் செய்யும் நாளில் வருகிறது.

இரண்டு வண்டிக்கும் காப்பீட்டு மதிப்பு ஒன்பது லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்துவிடுவது விதி. இங்கே அது 6,75,000 ரூபாய். முன்பக்கம் பலமாக மோதிய ஒரு விபத்தில் பம்பர், பானெட், இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர், வெடித்த ஏர்பேக்குகள், அவற்றோடு மாற்ற வேண்டிய சீட் பெல்ட்டுகள், டேஷ்போர்டு எல்லாம் போயின என்று கொள்ளுங்கள். சிட்டியில் இவை எல்லாவற்றையும் மாற்றியும் எல்லைக்குள் நிற்க இடமுண்டு. 320டியில் உதிரியின் விலை முப்பது லட்ச ரூபாய் வண்டியின் உதிரி விலை. ஒப்பிடும் எல்லைக்கோடோ ஒன்பது லட்சத்திலிருந்து கணக்கிட்டது. சட்டகம் வளையாத, ஓட்டிக்கொண்டு போகக்கூடிய நிலையிலுள்ள வண்டிகூடக் காகிதத்தில் செத்துப்போகிறது.

எல்லையைத் தாண்டாவிட்டாலும் நிம்மதியில்லை. தேய்மானக் கழிவில்லாத ‘ஜீரோ டெப்’ பாலிசியைப் பத்து வயதைத் தாண்டிய வண்டிக்குக் கம்பெனிகள் பெரும்பாலும் தருவதில்லை. சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, ஏர்பேக்குக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். பத்தாண்டு தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கும் அதே 50 சதவீதம். நான்கு லட்ச ரூபாய் உதிரி பில்லில் ஏறக்குறைய பாதி நம் கையிலிருந்து போகும்.

அப்படிக் காகிதத்தில் செத்த வண்டிகள் எங்கே போகின்றன? இன்சூரன்ஸ் கம்பெனிகள் அவற்றை உடைசலாக ஏலத்தில் விடுகின்றன. வாங்குகிறவர்கள் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் கழற்றிய பாகங்களைப் பொருத்தி, டிங்கரிங், பெயின்டிங் செய்து, மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, ஆர்.சி. முறையாக இருந்தால். ஆனால் ஏர்பேக் இருந்த இடத்தில் வெறும் மூடியை ஒட்டி, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியாதபடி ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிட்டால், வாங்குகிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் பல்பையே கழற்றியிருக்கிறார்கள். எரிந்து அணைந்தாலும் ஸ்கேனர் வைத்துப் படிக்காமல் நம்ப வேண்டாம்.

உயிர்க் கணக்கு

இதுவரை சொன்னவை சிட்டியின் பக்கம் சாய்ந்தவை. இனி சொல்வது எதிர்ப்பக்கம், அதை மறைத்தால் இந்த ஒப்பீடு நேர்மையாகாது.

2019 ஜூலைக்கு முன் இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமில்லை. அதுவரை வந்த சாதாரண செடான்களின் அடிப்படை மாடல்கள் பலவற்றில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சிறு கார்கள் ஐந்தை மோதவிட்டுச் சோதித்தபோது ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம் கிடைத்தது நினைவிருக்கலாம். செடான்கள் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் மலிவான மாடலில் பாதுகாப்பைக் கழித்து விலை குறைக்கும் அந்தப் பழக்கம் அவற்றிலும் இருந்தது. அதே காலத்து 320டி ஐரோப்பாவில் 2012-இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற வடிவம். ஆறு ஏர்பேக், வழுக்கினால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் ஏற்பாடு, எல்லாம் உண்டு. ஆகவே 2013 எட்டியோஸையோ டிசையரையோ 2013 320டியோடு ஒப்பிட்டால், உயிர் என்ற கணக்கில் பிஎம்டபிள்யூ வெகுதூரம் முன்னால்.

ஆனால் பத்து லட்சத்துக்கு நமக்குக் கிடைப்பது 2013 சிட்டி அல்ல, 2020-க்குப் பிந்தைய சிட்டி. அதன் அடிப்படை மாடலிலேயே நான்கு ஏர்பேக்கும் வழுக்கல் கட்டுப்பாடும் உண்டு; உயர் மாடல்களில் ஆறு. 2023-இல் ஹூண்டாய் வெர்னா, 2024 நவம்பரில் மாருதி டிசையர் என்று குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கும் சாதாரண செடான்கள் வந்துவிட்டன. சொகுசு வண்டியின் மிக வலுவான வாதம் இப்படி ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது. என் தீர்ப்பில், பழைய வண்டி வாங்குகிறவர் இலச்சினைக்கு முன் தயாரிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும். ஐந்து லட்சம்தான் கையில் இருக்கிறது, கிடைப்பது ஏர்பேக் இல்லாத வண்டி என்றால், செடான் ஆசையை விட்டுவிட்டு ஏர்பேக் உள்ள சின்ன கார் வாங்கச் சொல்வேன். இதில் எனக்குச் சமரசமில்லை.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டகாடா நிறுவனத்தின் பழைய ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் இப்படிப்பட்ட தட்பவெப்பத்தில் நாளடைவில் சீர்கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. பழைய சிட்டிகளும் பழைய 3 சீரீஸ் வண்டிகளும் ஒரே காரணத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் அந்த மாற்றம் நடந்ததா என்று காட்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் முன்பணம் கொடுக்கக் கூடாது.

வண்டி வந்த வழி

சொகுசு டீசல் செடான்கள் நம் சந்தையில் இவ்வளவு மலிவாகக் குவிவதற்கு டெல்லியும் ஒரு காரணம். பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டி டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன் பிறகு எட்டு, ஒன்பது வயது டீசல் சொகுசுக் கார் டெல்லியில் நேரம் முடியப்போகிற சரக்காகிவிட்டது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்காலமாகச் சொன்னது என்றாலும் பத்தாண்டாக ஓடிய இந்த வாய்க்கால் ஏராளமான வண்டிகளைத் தெற்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. டெல்லி வண்டியை இங்கே நிரந்தரமாக ஓட்ட என்.ஓ.சி. வாங்கி, பன்னிரண்டு மாதத்துக்குள் நம் ஆர்.டி.ஓ.வில் மறுபதிவு செய்து, மிச்ச காலத்துக்குரிய ஆயுள் வரி கட்ட வேண்டும். விளம்பரத்தில் உள்ள விலையில் இந்த வரி இருக்காது. புதுச்சேரி எண்ணோடு தமிழ்நாட்டில் ஓடும் வண்டிக்கும் இதே கதைதான். இருபது லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 சதவீத ஆயுள் வரி. புதுச்சேரியில் பதிவு செய்யும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பதை இந்த ஒரு எண் விளக்கிவிடும்.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னைச் சந்தையில் விட்டுச்சென்ற வண்டிகளுக்கு விலாசம் கிடையாது. தண்ணீர் சாதாரண செடானையும் கெடுக்கும். சொகுசு செடானிலோ கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் வயர் முடிச்சுகளும் சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் அடித்தளத்திலும் இருப்பதால், முழங்கால் அளவுத் தண்ணீரே போதும். ஈரம் காய்ந்து எல்லாம் வேலை செய்யும். ஆறு மாதம் கழித்துப் பச்சை பூத்த ஒரு முனையால் ஜன்னல் இறங்காது, பிறகு சென்சார் போகும், பிறகு ஸ்டார்ட் ஆகாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சாதாரணமாக உருளைக்குள் சுருண்டு கிடக்கும் பகுதியைப் பாருங்கள். வாட்டர் வாஷ் செய்கிறவர் அங்கே கை வைப்பதில்லை. சேற்று நிறக் கோடு குறுக்கே ஓடினால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது.

சாதாரண செடானுக்கும் அதற்கே உரிய வஞ்சனை உண்டு, அது டி-போர்டு. எட்டியோஸும் டிசையரும் டாக்ஸியாக மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஓன் போர்டுக்கு மாற்றி, மீட்டரைத் திருப்பி எண்பதாயிரம் என்று விற்பனைக்கு வருகின்றன. ஆர்.சி.யில் வாகன வகை மாறிய விவரத்தையும், ஸ்டீயரிங், கியர் குமிழ், ஓட்டுநர் பக்கச் சீட்டின் ஓரம், பிரேக் பெடல் ரப்பர் ஆகியவற்றின் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும். பிஎம்டபிள்யூவில் மீட்டரைத் திருப்பியவர் மாட்டிக்கொள்ள இன்னும் இடங்கள் உண்டு. வண்டியின் பல பெட்டிகளும் சாவியும்கூட ஓட்டத்தைத் தனியாகக் குறித்துவைக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் 320டி வாங்கலாமா என்று கேட்டால், சிலருக்கு வாங்கலாம் என்றே சொல்வேன். பின்சக்கர இயக்கமும் முன்பின் சமமாகப் பகிர்ந்த எடையும் சேர்ந்து, ஏலகிரி மலை வளைவுகளில் அந்த வண்டி திரும்புவதைச் சிட்டி எட்டாது. அந்த இன்பம் உண்மையானது, அதற்குக் காசு கொடுப்பது வீணல்ல. வீட்டில் அன்றாடத்துக்கு இன்னொரு வண்டி இருக்க வேண்டும். நம்பத் தகுந்த தனி ஒர்க்‌ஷாப் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இந்தக் கணக்கில் மூன்று லட்சத்துக்கு மேல், வங்கியில் தொடாமல் கிடக்க வேண்டும். பத்து லட்சம் இருந்தால் ஏழு லட்சத்து வண்டி பாருங்கள் என்று பொருள். ஆனால் ஏழு லட்சத்துக்கு வரும் 320டி பெரும்பாலும் யாரும் தொடத் தயங்குகிற 320டியாக இருக்கும். இந்த முடிச்சை அவிழ்க்க முடியாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்குச் சிட்டியும் வெர்னாவும் சியாஸும் நல்ல வண்டிகள். சியாஸை மாருதி 2025-இல் நிறுத்திவிட்டதால் பேரம் பேச இப்போது இடமும் உண்டு.

விற்கும் நாளையும் வாங்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும். 2013 வண்டிக்கு 2028-இல் பதினைந்து ஆண்டு முடிகிறது. அதன் பிறகு எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்க நெருங்க வாங்க ஆள் குறைவார்கள். அப்போது புரோக்கர் கையில் வண்டியையும் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்கள் 29, 30-ஐயும் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொள்வது நம் ஊர் வழக்கம். பதிவு மாறாத வரை, விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயருள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. நான்கு கை மாறிய சொகுசு செடான் ஒன்று எங்கோ ஒருவரை மோதினால், சம்மன் வருவது என்றோ விற்றுவிட்ட முதல் ஆளின் வீட்டுக்கு. வாங்குகிறவரானாலும் விற்கிறவரானாலும், அரசின் வாகன் இணையதளத்தில் புதிய பெயர் ஏறியதைக் கண்ணால் பார்க்கும் வரை கடைசித் தவணையை நிறுத்திவைக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.